முதல் பந்து யார் வீட்டில் இருந்தது?

கேள்வி: “கோயமுத்தூரில் கால்பந்துக்கு ஏது வரலாறு என்று சிரிக்கிறார்கள். எங்கள் புறநகர் கிளப்புக்கு ஆண்டு விழா மலர் போடுகிறோம். கிளப்பின் கதையை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?”

தொடங்கிய ஆண்டிலிருந்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படி ஆரம்பித்து மாட்டிக்கொண்டவன். சிங்காநல்லூரைத் தாண்டி இருக்கும் எங்கள் கிளப்பில் பதினைந்து வருடம் ரைட் பேக் ஆடினேன். முட்டி போன பிறகு கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது. நோட்டு வைத்திருக்கிறவன்தான் வரலாறும் எழுத வேண்டும் என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

பெரியவர்கள் நாலு பேரை உட்காரவைத்து, கிளப் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். மில் டீம் ஆட ஆரம்பித்ததுதான் தொடக்கம் என்றார் ஒருவர். மில் டீம் வேறு நாம் வேறு, சைக்கிள் கடைச் சுவரில் பெயர் எழுதினோமே அன்றைக்குத்தான் கிளப் பிறந்தது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பதிவுச் சான்றிதழை எடுத்து மேஜையில் போட்டார். நாலாமவர் வாயே திறக்கவில்லை, டீ வந்ததும் எழுந்து போய்விட்டார். ஒரு காலத்தில் அவரைக் கேப்டன் பொறுப்பிலிருந்து இறக்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த முறை கேள்வியை மாற்றினேன். “பந்து யார் வீட்டுலங்க இருந்துச்சு?” இதற்கு நாலு பேரும் ஒரே பதில் சொன்னார்கள், நாலாமவர் உட்பட. அதோடு நிற்கவில்லை. அதற்கு முன்னால் எங்கே இருந்தது, எதற்காக அங்கிருந்து மாறியது, ஊசி யாரிடம் இருந்தது, பஞ்சர் யார் பார்த்தார்கள் என்று இரவு பத்து மணி வரை பேச்சு ஓடியது. எங்கள் கிளப்பின் கதை எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

சிரிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. கால்பந்து இந்தப் பக்கம் நேற்று வந்த ஆட்டம் இல்லை. மெட்ராஸிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன ரயில் பாதை 1862-லேயே போத்தனூரைத் தொட்டுவிட்டது. ரயில் வந்தால் காலனி வரும், காலனி வந்தால் ஊழியர்கள் பொழுதுபோக்க ரயில்வே இன்ஸ்டிடியூட் வரும், அதன் பின்னால் ஹாக்கியும் கால்பந்தும் வரும். நாடு முழுக்க ரயில்வே ஊர்களின் கதை இதுதான். அதே 1862-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் பள்ளி தொடங்கினார். 1888-ல் அவர் தொடங்கிய நூற்பாலைதான் இந்த ஊரின் முதல் மில். 1910-ல் லட்சுமி மில். 1932-ல் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கியதும் சிங்காநல்லூர், பீளமேடு, ஒண்டிப்புதூர் என்று வரிசையாக மில் எழுந்தது. எங்கள் மாதிரிப் புறநகர் கிளப்புகள் பலவற்றுக்குத் தாய்வீடு இந்த மில்கள்தான்.

மில் என்றால் சுற்றுச்சுவர், உள்ளே லைன் வீடுகள், ஒரு கோயில், ஒரு கிரவுண்டு. சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும். காலை ஷிப்ட் முடிந்தவன் பொழுதோட சும்மா இருந்தால் ஒன்று யூனியன் பேசுவான், இல்லை கள்ளுக்கடைக்குப் போவான், அதற்கு ஒரு பந்தை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நிர்வாகம் நினைத்ததாக எங்கள் பெரியவர்கள் கேலியாகச் சொல்வார்கள். முழுக்கக் கேலி என்றும் சொல்ல முடியாது. நன்றாக ஆடுகிறவனுக்குப் பதிலி வேலை சீக்கிரம் நிரந்தரமாகும் என்ற நம்பிக்கை இருந்தது, அதற்காகவே ஆடியவர்கள் உண்டு. முதல் பந்து இருந்த இடம் மில்லின் டைம் ஆபீஸ். கையெழுத்துப் போட்டு வாங்கி, இருட்டுவதற்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தோலில் தைத்து, உள்ளே பிளாடர் வைத்து, வாயை ஷூ லேஸ் மாதிரி கட்டும் பந்து. மழையில் ஊறினால் கல் கனம் கனக்கும். லேஸ் இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் அச்சு விழும். அந்த அச்சோடு எங்கள் சித்தப்பா ஒருவர் பெண் பார்க்கப் போனார், கல்யாணமும் நடந்தது.

அவர்களில் பலர் வெறுங்காலில் ஆடியவர்கள். இதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் பிரான்சை எதிர்த்து ஆடி, 2-1 என்றுதான் தோற்றார்கள். 1952-ல் ஹெல்சின்கியின் குளிரில் யுகோஸ்லாவியா 10-1 என்று அடித்த பிறகுதான் ஷூ இல்லாமல் ஆகாது என்று மேலே முடிவானது. அந்த முடிவு எங்கள் பக்கம் இறங்கி வர இன்னும் முப்பது வருடம் ஆனது. சரளை மண்ணில் ஸ்டட் வைத்த ஷூ போட்டால் பாதம் கொப்புளித்துவிடும் என்பது ஒரு காரணம். கையில் காசு இல்லாதது அதைவிடப் பெரிய காரணம்.

சரி, மில் இருந்தது, கிரவுண்டு இருந்தது. பிறகு ஏன் கொங்கு நாடு என்றால் வாலிபாலும் கபடியும் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது? ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். என் விளக்கம் சென்ட் கணக்கு. வாலிபால் கோட்டுக்கு 18 மீட்டருக்கு 9 மீட்டர், அதாவது 4 சென்ட். கபடிக்கு 13-க்கு 10, சுமார் 3 சென்ட். கால்பந்துக்கு விதிப் புத்தகம் அனுமதிக்கும் மிகச் சின்ன அளவே 90-க்கு 45. பெருக்கிப் பாருங்கள், 4,050 சதுர மீட்டர் வரும். கிட்டத்தட்டச் சுத்தமாக ஒரு ஏக்கர், 100 சென்ட். உலகக் கோப்பைக்குப் போடுகிற 105-க்கு 68 என்றால் 176 சென்ட். கிணறு வெட்டி, ஏற்றம் இறைத்து, பிறகு மோட்டார் வைத்து, ஒவ்வொரு சென்ட்டிலும் எதையாவது விளையவைத்தே பழகிய ஊரில், ஒரு ஏக்கரைச் சும்மா போட்டு அதில் பந்தை உதைப்பதற்கு எந்த அப்புச்சி சம்மதிப்பார்? களத்துமேட்டில் வலை கட்டினால் வாலிபால் ஆடிவிடலாம். கால்பந்துக்கு மில்லோ ரயில்வேயோ பள்ளியோ தண்ணீர் வற்றிய குளமோ வேண்டும். அந்த நாலும் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் கிளப் முளைத்திருக்கிறது. உங்கள் கிளப் இந்த நாலில் எதில் முளைத்தது என்று பாருங்கள், பாதிக் கதை கிடைத்துவிடும்.

எங்கள் கதையின் அடுத்த கட்டத்தைத்தான் பெரியவர்கள் மென்று விழுங்கினார்கள். மில்லில் ஆட்டத்துக்குக் காசு நின்றதும், டைம் ஆபீஸிலிருந்த பந்து வசதியான ஒருவர் வீட்டுக்குப் போனது. நல்ல மனிதர். பந்தும் வாங்கித் தந்தார், தோற்றால் கூடப் பன்னும் டீயும் உண்டு. ஆனால் அந்த வீட்டுக்குள் எல்லாப் பையன்களும் போய்விட முடியாது. சிலர் திண்ணை வரை போவார்கள். சிலர் வாசலுக்கு வெளியே நின்று, யாராவது எடுத்து வரும் வரை காத்திருப்பார்கள். கிரவுண்டில் தோள் மேல் கை போட்டு போட்டோவுக்கு நின்றவர்கள்தான். எங்கள் கோல்கீப்பர் வெளியே நின்றவர்களில் ஒருவர். ஒருநாள் அவர், “பந்து எங்கே இருக்குதோ அங்கே நானே போய் எடுக்கற மாதிரி இருந்தா ஆடறேன், இல்லீன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். கோலி இல்லாமல் டீம் ஏது? பந்து சைக்கிள் கடைக்கு மாறியது.

சைக்கிள் கடையில் வாசல்படி கிடையாது. காற்றடிக்கப் பம்ப் இருக்கிறது, பஞ்சர் ஒட்ட சொல்யூஷன் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நிற்கலாம். சுவரில் கிளப் பெயர் எழுதியது அதற்குப் பிறகுதான். கிளப் அன்றைக்குத்தான் பிறந்தது என்று இரண்டாமவர் அடித்துச் சொன்னதன் அர்த்தம் அப்போது எனக்குப் பிடிபட்டது. இதை மலரில் எழுதலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. நான் எழுதினேன். வீட்டுக்காரர் பெயரைப் போடவில்லை, பந்து வாங்கித் தந்ததற்கு நன்றியும் எழுதினேன். உங்கள் கிளப்பிலும் இப்படி ஒன்று இருந்தே தீரும். பழைய டீம் போட்டோவை எடுத்துவைத்து, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் ஓரத்தில் நிற்கிறார்கள், அடுத்த வருடப் போட்டோவில் யார் இல்லை என்று பாருங்கள். வாயால் சொல்லாததைப் போட்டோ சொல்லிவிடும்.

சைக்கிள் கடைக் காலம்தான் எங்கள் பொற்காலம். 1986 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்துவிட்டு, மரடோனா மாதிரி இடது காலில் உருட்டப் பழகினார்கள் பையன்கள். வலது கால்காரர்களும் பழகினார்கள், அதுதான் வேடிக்கை. நோம்பிக்கு நோம்பி டோர்னமென்ட் நடக்கும். என்ட்ரி பீஸ் கட்ட வாரச் சீட்டு மாதிரி வசூல் செய்வோம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. யார் எத்தனை வாரம் பாக்கி என்று பார்த்தால் இன்றைக்குப் பெரிய மனிதர்களாக நடமாடும் சிலர் முகம் சிவக்கும்.

எங்கள் கிரவுண்டில் ஒரு விசேஷம் உண்டு. சூரியன் கண்ணில் அடிக்காமல் இருக்க கோல் போஸ்ட்டை வடக்கு தெற்காக நடுவது வழக்கம். எங்களுக்கு மில் சுவர் இடைஞ்சல், கிழக்கு மேற்காகத்தான் நட முடிந்தது. ஆனியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்து தள்ளும். மேற்குக் கோலிலிருந்து எங்கள் கீப்பர் உதைத்தால் பந்து நடுக்கோட்டைத் தாண்டி எதிராளியின் பாக்ஸ் முன்னால் விழும். கிழக்கிலிருந்து உதைத்தால் மேலே போய், ஒரு நொடி நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு நம்மிடமே வரும். டாஸ் ஜெயித்தால் முதல் பாதிக்கு மேற்கு. அந்தப் பாதியிலேயே இரண்டு கோல் போட்டுவிட்டு, மறு பாதி முழுக்கத் தரையோடு பாஸ் கொடுத்து நேரத்தைத் தள்ள வேண்டும். எங்கள் டீம் தரை ஆட்டத்துக்குப் பெயர் வாங்கியது இப்படித்தான். யாரோ கோச் சொல்லிக் கொடுத்ததாக வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். கோச்சே கிடையாது, காற்றுதான்.

அந்தக் காற்று வந்த திசையிலேயே எங்கள் பையன்கள் வேலை தேடிப் போனார்கள். வாளையாறு தாண்டினால் பாலக்காடு, அங்கிருந்து மலபார் முழுக்கச் செவன்ஸ். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் கேலரி கட்டி, விளக்குப் போட்டு, டிக்கெட் விற்று ஆடும் ஏழு பேர் ஆட்டம். அதிகாரபூர்வக் கால்பந்து சங்கம் அதைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை, அவர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் என்று ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் சீசனுக்கு ஆள் இறக்குவார்கள். எங்கள் லெஃப்ட் விங் ஒருவன் சனிக்கிழமை ராத்திரி அங்கே ஆடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளென பஸ் பிடித்து வந்து எங்களுக்கு லீக் மேட்ச் ஆடுவான். அங்கே காசு, இங்கே பன்னும் டீயும். இரண்டிலும் ஒரே மாதிரிதான் ஓடுவான். திருப்பூர்ப் பக்கம் ஆடப் போனால், பனியன் வியாபாரத்துக்காக அங்கே தங்கியிருந்த நைஜீரியர்கள் டீமாக வந்து நிற்பார்கள். அவர்களுடைய சென்டர் பேக்கோடு கார்னருக்குக் குதித்த வலி என் தோளில் இன்னும் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும்.

பதிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மலருக்கு உதவும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி குறைந்தது 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். உங்கள் கிளப் பதிவானது என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகக் கோப்பில் அந்த முதல் ஏழு பேரின் பெயர், தொழில், முகவரி எல்லாம் இருக்கும். நகல் கேட்டு வாங்கிவிடுங்கள். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். எங்கள் ஏழு பேரில் மூன்று பேர் மில் தொழிலாளி, ஒருவர் டெய்லர், ஒருவர் சைக்கிள் கடை, ஒருவர் லேத் ஆபரேட்டர், ஒருவர் மாணவர். கோப்பைகளின் அடியில் செதுக்கியிருக்கும் வருடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கோப்பைகள் பாதி ஒரு சலூன் அலமாரியில் பவுடர் டப்பாக்களுக்கு நடுவில் இருந்தன. சான்றிதழ்கள் பெரும்பாலும் அம்மாக்களின் பீரோவில் இருக்கும், வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். ஆட்டக்காரன் தொலைத்ததை அவர்கள்தான் எடுத்து வைத்திருப்பார்கள்.

மில் மூடியதும் கிரவுண்டுக்குப் பூட்டு விழுந்தது. நலிந்த மில்களை 1974-ல் மத்திய அரசு தேசிய ஜவுளிக் கழகத்தின் கீழ் எடுத்ததும், அவற்றில் பல தடுமாறிக்கொண்டே ஓடியதும், 2020 ஊரடங்கில் மெஷின்கள் நின்றுபோனதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தனியார் மில்கள் அதற்கு வெகு முன்பே லேஅவுட்டாகவும் அபார்ட்மென்ட்டாகவும் மாறத் தொடங்கிவிட்டன. எங்கள் சென்டர் லைன் இருந்த இடத்தில் இப்போது ஒரு வீட்டின் கார் ஷெட் இருக்கிறது.

லேஅவுட் போட்டால் ரிசர்வ் சைட் விட வேண்டுமே, அதில் ஆடலாமே என்பார்கள். மறுபடியும் சென்ட் கணக்குக்கு வாருங்கள். சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதம்தான் திறந்தவெளி ஒதுக்கீடு. சாலை போக 10 ஏக்கர் மிஞ்சும் பெரிய லேஅவுட்டாக இருந்தால்தான் ஒரு ஏக்கர் கிடைக்கும். அதுவும் ஒரே சதுரமாகக் கிடைக்காது. மூலையில் ஒரு முக்கோணம், வாய்க்கால் ஓரம் ஒரு பட்டை என்று இருக்கும். பிறகு அதில் தண்ணீர்த் தொட்டி, பூங்கா, பிள்ளையார். நான் எதையும் குறை சொல்லவில்லை, நடக்கப் போகிறவர்களுக்கும் பூங்கா வேண்டும்தான். ஆனால் ரிசர்வ் சைட்டை நம்பிப் பதினொரு பேர் டீம் வளர்க்க முடியாது. அதனால்தான் இப்போது பையன்கள் பச்சை நெட் கட்டிய டர்ஃபில் ஐந்து பேராக ஆடுகிறார்கள். மணிக் கணக்கில் வாடகை. கால் வேகம் பிரமாதம், என் காலத்துப் பையன்களை நிற்கவைத்துவிடுவார்கள். முப்பது மீட்டர் பாஸ் கொடுக்கச் சொன்னால்தான் தடுமாறுகிறார்கள், அவ்வளவு தூரத்தைப் பார்த்ததே இல்லை.

இடையில் ஒரு நல்ல காலம் வந்து போனது. 2017-18 சீசனில் சென்னை சிட்டி எஃப்.சி. என்ற கால்பந்து அணி தன் சொந்த மைதானமாகக் கோவை நேரு ஸ்டேடியத்தை எடுத்துக்கொண்டது. அடுத்த சீசனின் கடைசி நாள், 2019 மார்ச் 9. தேசிய அளவிலான ஐ-லீக் பட்டம் சென்னை சிட்டிக்கா, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கா என்ற நிலை. ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடுகிறது. இங்கே எதிரணி மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் சென்னை சிட்டியின் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார், கௌரவ் போரா இரண்டு போட்டார். 3-1. மொத்தம் 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. எங்கள் கிளப்பிலிருந்து ஒரு டெம்போ ஆள் போயிருந்தோம். பந்தை வீட்டுக்குள் வைத்திருந்த அந்தப் பெரியவரின் பேரனும், அன்று “நானே போய் எடுப்பேன்” என்ற கோலியும் ஒரே பெஞ்சில். மான்சி பெனால்டிக்கு நின்றபோது கோலி கண்ணை மூடிக்கொண்டார். பாவம், எந்தக் கீப்பராக இருந்தாலும் அவருக்குப் பெனால்டி பார்க்கப் பிடிக்காது.

அதன் பிறகு கொரோனா, காலி ஸ்டேடியம், கொஞ்ச நாளில் அந்த அணியே ஐ-லீக்கில் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு மூன்று வருடத்தில் பள்ளிப் பையன்கள் கிளப்பைத் தேடி வந்தார்கள். இப்போது எங்கள் பதிவேட்டில் இருக்கும் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள். மாவட்ட லீக்கில் இறங்க ஒவ்வொருவரையும் ஆன்லைனில் பதிய வேண்டியிருக்கிறது. ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று ஒவ்வொரு சீசனும் நான் படும் பாடு தனிக் கதை.

மீதிப் பாதிப் பேர் வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்கள். பவுண்டரியிலும் பம்ப் கம்பெனியிலும் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட், அசாம், மணிப்பூர்ப் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரம் நின்று எங்கள் பிராக்டிஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஆள் குறைந்தது, கூப்பிட்டோம். அன்றிலிருந்து எங்கள் மிட்ஃபீல்டு அவர்களுடையது. பழைய மில் டீமை நேரில் பார்த்த ஒரு பெரியவர் சொன்னார், “ஷிப்ட் முடிச்சு வந்து ஆடறவனோட மூச்சே வேறீங்க.”

சைக்கிள் கடைக்காரர் இப்போது இல்லை. கடை செல்போன் கடையாகிவிட்டது. பந்து கொஞ்ச நாள் டெய்லரிடம் இருந்தது, கொஞ்ச நாள் என் ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது. மலரின் கடைசிப் பக்கத்துக்காக, இப்போது பந்து எங்கே இருக்கிறது என்று நானே போய்ப் பார்த்தேன். ஜார்க்கண்டில் இருக்கும் கும்லாவிலிருந்து வந்த ஒரு பையனின் அறை. ஆறு பேர் தங்கும் அறை, இரும்புக் கட்டிலுக்கு அடியில் மூன்று பந்து, ஒரு பம்ப், ஊசி செருகி வைத்த தீப்பெட்டி. அவன் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதிக் காட்டினேன். படிக்கத் தெரியாது என்பதால் வாய்விட்டுப் படிக்கச் சொன்னான். படித்தேன். ஊர்ப் பெயரை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிவிட்டு, “சரிண்ணா” என்றான்.